நடுங்கியது காரா, கையா?

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் ஒரு ரம்புட்டான் கடைக்குள் காரை விடப் பார்த்தேன்.

வேண்டுமென்றா விடுவேன்? ஐந்தருவியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். சீசன் முடிகிற நேரம். முன்னால் வேன், பின்னால் வேன், நடுவில் தலையில் துண்டும் கையில் எண்ணெய் பாட்டிலுமாகச் சாலையைக் கடக்கிற கூட்டம். பத்தடி போனால் பிரேக். இன்னும் பத்தடி போனால் மறுபடி பிரேக். ஒருவழியாகக் கூட்டம் விலகி, அப்பாடா என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன் பாருங்கள்... கார் தன்பாட்டுக்கு இடது பக்கம் போனது.

நான் திருப்பவில்லை. அதுவாகப் போனது.

ஸ்டீயரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்தேன். பிடித்த கைகள் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. சல்லடையைப் பிடித்துச் சலிப்பதுபோல அப்படி ஓர் ஆட்டம். பிரேக்கில் ஏறி நின்று காரை நிறுத்தியபோது, அதன் மூக்குக்கும் ரம்புட்டான் குவியலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

கடைக்கார அம்மா ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தாள். "ஏம்மா, பழம் வேணும்னா இறங்கி வந்து கேளு. இப்படியா உள்ள வருவ?"

இரண்டு கிலோ வாங்கினேன். வேறு என்ன செய்ய?

காரில் என் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர். பின் சீட்டில் அவருடைய அக்கா. சுரண்டையிலிருந்து அருவியில் குளிக்க வந்தவர். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற வர்க்கம். பழப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி வசந்தா, ஒன் கை இப்படி நடுங்குதே... ஒங்க அப்பாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது?"

தென்காசி வந்து சேரும் வரை காரில் ரம்புட்டான் உரிக்கிற சத்தம் மட்டும்தான்.

என் அப்பாவுக்கு நடுக்கவாதம். முதலில் ஒரு கை நடுங்கியது, அப்புறம் இரண்டும். காபி டம்ளரைக் கொடுத்தால் பாதி வாய்க்குப் போகும், பாதி வேட்டிக்குப் போகும். கடைசி இரண்டு வருஷம் அவருக்குச் சவரம் செய்துவிட்டது என் வீட்டுக்காரர்தான். பெற்ற மகன் மாதிரி, ஒரு நாள் விடாமல், தாடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்துவிடுவார். அதனால் மதினி கேட்ட கேள்வி எனக்குள் எவ்வளவு தூரம் இறங்கியதோ, அவருக்குள்ளும் அவ்வளவு தூரம் இறங்கியிருக்கும்.

இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் காபி கொடுத்தேன். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் பேப்பருக்குள் போய்விட்டார்.

அன்றே காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு வந்தார். "வண்டில ஒண்ணும் இல்ல வசந்தா. நூல் புடிச்ச மாதிரி போகுது."

நான் விடவில்லை. எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் செய்யதுவிடம் கொண்டுபோனேன். அவரும் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். குனிந்தார், டயரை உதைத்தார், காற்றழுத்தம் பார்த்தார்.

"அக்கா, வண்டி நல்லாத்தான் ஓடுது. அன்னைக்கு ரோட்டுல ஏதாச்சும் பள்ளத்துல எறங்கியிருக்கும்."

பள்ளத்தில் இறங்கினால் எனக்குத் தெரியாதா? ஆனால் நான் என்ன சொல்ல? ஓட்டிய இரண்டு ஆண்களுக்கும் கார் நேராகப் போகிறது. என் கைக்கு மட்டும் இழுக்கிறது, ஆடுகிறது. இதைக் கேட்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்? உண்மையைச் சொல்லட்டுமா... நானே அந்தப் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டேன்.

இதிலே இன்னொரு சங்கடம் இருந்தது. எங்கள் மகள் நித்யாவைக் கட்டிக்கொடுத்திருப்பது கேரளாவில், புனலூரில். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் பிறக்கப் போகிறது. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று மலைப்பாதை. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். 'அவளை நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன்' என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். அந்தப் பயணத்துக்காகவே கற்றுக்கொண்ட மாதிரி ஒரு பெருமை உள்ளே இருந்தது.

அவர் நித்யாவிடம் போனில் என்ன சொன்னார் என்று தெரியாது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, நான் டாக்ஸியிலயே வாரேனே. சாரமில்லம்மா."

'பரவாயில்லை' என்பதற்குப் புனலூரில் கற்றுக்கொண்ட வார்த்தை அது. எவ்வளவு மென்மையாகச் சொன்னாள் தெரியுமா? அந்த மென்மைதான் குத்தியது. நோயாளியிடம் பேசுகிற குரல்.

அன்று ராத்திரி சமையலறையில் ரகசியமாக ஒரு பரீட்சை வைத்தேன். டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்தேன். சிந்தவில்லை. ஊசியில் நூல் கோத்தேன். நுழைந்துவிட்டது. சரி, பொடி ஓட்டையுள்ள ஊசியாக எடுப்போம் என்று எடுத்தால், அது நுழையவில்லை. அது கையின் குற்றமா, கண்ணாடியின் குற்றமா? சந்தேகம் வந்துவிட்டால் இப்படித்தான். பரீட்சை எழுதுகிறவளும் நானே, மார்க் போடுகிறவளும் நானே என்றால், எந்த மார்க்கையும் நம்ப முடிவதில்லை.

காலையில் எழுந்ததும் அடுத்த தெருவுக்கு நடந்தேன். ஜெயராணி வீட்டுக்கு.

ஜெயராணி என் பள்ளித் தோழி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடம் எதையும் மூடி மறைக்க முடியாது, முகத்தைப் பார்த்தே 'எங்கட்டி வலிக்குது' என்று கேட்பாள். எல்லாவற்றையும் கொட்டினேன். மதினி சொன்னது, டம்ளர், ஊசி, சாரமில்லம்மா... எல்லாம்.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒங்க அப்பா கை எப்ப நடுங்குச்சுட்டி? டம்ளரைத் தூக்கும்போதா, சும்மா மடியில வச்சிருக்கும்போதா?"

யோசித்தேன். எத்தனையோ வருஷமாக அதை நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால், எப்போது நடுங்கியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கை மடியில் இருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி உரசி... எங்கள் பக்கத்துப் பெண்கள் பீடி சுற்றும்போது விரல் போகுமே, அதே மாதிரி. வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

"சும்மா இருக்கும்போதுதான் ஜாஸ்தி. பின்னாலதான் டம்ளர் தூக்கும்போதும் வந்துச்சு."

"ம். ஒனக்கு?"

"ஸ்டீயரிங்கைப் புடிச்சா மட்டும்."

"கையை நீட்டு."

நீட்டினேன். டீப்பாயில் கிடந்த வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நீட்டிய விரல்கள் மேல் விரித்தாள். தாள் நடுங்குகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தி வந்த பக்கம்! அதையா கிழிப்பாள்?

தாள் சும்மா கிடந்தது.

"நான் டாக்டர் இல்ல" என்றாள் ஜெயராணி. "நீ டாக்டரைப் பாக்கத்தான் வேணும். ஆனா, ஆஸ்பத்திரியில நாங்க முதல்ல கேக்குறது 'காய்ச்சல் இருக்கா'ன்னு இல்ல. 'எப்ப வருது, எப்ப விடுது'ன்னுதான். வா, ஒன் காருக்கு எப்ப வருதுன்னு பாப்போம்."

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. புடவையைச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வார நாள். தென்காசியிலிருந்து குற்றாலம், அங்கிருந்து ஐந்தருவி. காலைக் குளிர். லேசான சாரல். கார் என்ன செய்தது என்கிறீர்கள்? சமர்த்துப் பிள்ளையாக நேராகப் போனது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. கார் நேராகப் போகப் போக, நோய் என் பக்கம் வந்துகொண்டேயிருந்தது.

"நோயாளிக்கு இப்ப காய்ச்சல் இல்ல" என்றாள் ஜெயராணி சாவகாசமாக. "அன்னைக்கு என்னெல்லாம் பண்ணுன? ஒண்ணு விடாம அதே மாதிரி பண்ணு."

"அன்னைக்குக் கூட்டம் இருந்துச்சே."

"கூட்டம் இருந்தா என்ன பண்ணுவ?"

"பிரேக் போட்டுப் போட்டு வருவேன்."

"அப்ப போடு."

போட்டேன். ஆளில்லாத ஐந்தருவிச் சாலையில், காலி ரோட்டில், பத்தடிக்கு ஒரு பிரேக். சுவர் மேலிருந்த குரங்குகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. பின்னால் வந்த ஆட்டோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாண்டிப் போகும்போது கத்தினார்: "எக்கா, எல் போர்டு மாட்டிட்டு வாங்க!"

ஜெயராணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டெஸ்ட் எடுக்கோம் தம்பி!" என்றாள்.

குற்றாலம் தாண்டி, இலஞ்சிப் பக்கம் திறந்த சாலை வந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

இடது பக்கம்... இழுத்தது.

முதலில் லேசாக. ஒரு குழந்தை புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அப்புறம் நன்றாக. கூடவே கிடுகிடு. "ஆடுது ஜெயா, ஆடுது!" என்று கத்தினேன். அவள் மோந்து பார்த்தாள். "ஏதோ கருகுது. இங்கன நிறுத்து."

ஒரு மரத்தடியில் நிறுத்தி இறங்கினோம். அவள் வலது முன்சக்கரத்துக்குப் போனாள். புறங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். குழந்தையின் நெற்றியில் வைப்பாளே, அதே கை. "வெதுவெதுன்னு இருக்கு." சுற்றிக்கொண்டு இடது முன்சக்கரத்துக்கு வந்தாள். புறங்கையை நீட்டினாள்.

"ஆத்தாடி!" என்று கையை இழுத்துக்கொண்டாள். "ஏட்டி, இதுக்கு நூத்தி நாலு இருக்கும்!"

நானும் புறங்கையை நீட்டினேன். தோசைக்கல் மேல் கை வைத்துச் சூடு பார்ப்போமே, அந்த அனல். இரண்டு சக்கரமும் ஒரே சாலையில் ஒரே தூரம் ஓடி வந்திருக்கின்றன. ஒன்றுக்கு வெதுவெதுப்பு. இன்னொன்றுக்குக் கொதிப்பு. என் கை எவ்வளவு நடுங்கினாலும் சக்கரம் சூடாகுமா?

வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். ஸ்கூட்டரில் பறந்து வந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. "இந்தச் சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டு போங்க. இப்ப அந்தச் சக்கரத்துக்கு" என்றேன்.

செய்தார். குந்தியபடியே இடது சக்கரத்துக்கு மறுபடி ஒருமுறை கையைக் கொண்டு போனார்.

"சுடுது" என்றார்.

"ஆமா."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா வசந்தா..."

"தெரியும்."

அவர் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயராணி திடீரென்று சாலையின் அந்தப் பக்கம் இருந்த வயலைப் பார்க்கப் போய்விட்டாள். நர்ஸ் அல்லவா... எப்போது திரைச்சீலையை இழுத்து விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

சக்கரம் ஆறட்டும் என்று காத்திருந்து, மெல்ல ஓட்டிக்கொண்டு போய் செய்யதுவின் பட்டறையில் விட்டோம். அவர் இடது சக்கரத்தைக் கழற்றியதும் உச்சுக் கொட்டினார்.

"அக்கா, பிரேக்கை அமுக்குனா இந்த ரெண்டு பேடும் வந்து சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கைப் புடிக்கணும். காலை எடுத்தா விட்டுரணும். இது புடிக்குது, விட மாட்டேங்குது. துரு ஏறி உள்ள சிக்கிருக்கு. பாருங்க, பேடு அப்பளம் மாதிரி தேய்ஞ்சிருக்கு. வண்டிய ரொம்ப நாள் நனைய விட்டியளோ?"

விட்டிருந்தோம். நித்யாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்றரை மாதம் போல நான் புனலூரில் இருந்தேன். அவருக்கு ஊருக்குள் சுற்ற ஸ்கூட்டர் போதும். சாரல் காலம் முழுவதும் கார் முற்றத்தில் நனைந்துகொண்டே நின்றது.

"அப்ப நான் ஓட்டும்போது ஏன் வரல?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"நீங்க பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனிய அண்ணாச்சி. நான் தெருமுனை வரைக்கும் போனேன். பிரேக்கு சூடாகுறதுக்குள்ள திரும்பிட்டோம். சூடு ஏற ஏறத்தான் இது இறுக்கிப் புடிக்கும். டிஸ்க்கும் சூடேறி ஆட்டம் குடுக்கும்." செய்யது என்னைப் பார்த்தார். "அக்கா சொன்னத நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும். தண்ணி கிண்ணி ஊத்திராம விட்டியளே, அதுவே நல்லது. ஊத்தியிருந்தா டிஸ்க்கு கோணிருக்கும்."

சக்கரத்தில் ஊற்றலாம் என்று எடுத்த தண்ணீர் பாட்டில் ஜெயராணியின் கையில் அப்போதும் இருந்தது. மெதுவாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டிருப்பேன். முடியவில்லையே!

இரண்டு நாள் கழித்து, துருவைச் சுத்தம் செய்து புதுப் பேடு மாட்டிய காரை எடுத்துக்கொண்டு அவரும் நானும் திருநெல்வேலி போகிற நான்குவழிச் சாலையில் ஏறினோம். நான்தான் ஓட்டினேன். இழுப்பு இல்லை. பிரேக் போட்டுப் போட்டுப் பார்த்தேன், இழுப்பே இல்லை. பாவூர்சத்திரம் தாண்டியது. சாலை அகலமாக, காலியாகக் கிடந்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மனசு லேசாகி வேகத்தைக் கூட்டினேன். அறுபது. எழுபது. எழுபத்தைந்து...

கை ஆடியது.

முன்பு போல இல்லை. இது பொடி நடுக்கம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஒரே சீராக. அப்பாவின் நடுக்கம் இப்படித்தான் சீராக இருக்கும்.

காரைச் சரி செய்தாயிற்று. சக்கரம் சூடாகவில்லை, கருகல் வாசம் இல்லை. அப்படியென்றால் மீதி என்ன? மீதி நான்தானே? காலை எடுத்தேன். வேகம் குறைந்தது. நடுக்கமும் நின்றது. அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

"ஓரமா நிறுத்து வசந்தா" என்றார்.

நிறுத்தினேன்.

"இறங்கு. நான் ஓட்டுதேன்."

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே இறங்கி, சுற்றி வந்து இடது சீட்டில் உட்கார்ந்தேன். புனலூர் போயிற்று. மலைப்பாதை போயிற்று. இனிமேல் டம்ளரைக் கொடுக்கும்போதெல்லாம் விரலைத்தான் பார்க்கப் போகிறார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கிளப்பினார். ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் ஐம்பதைத் தாண்டி எந்த வண்டியையும் ஓட்டி நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களை ஓவர்டேக் செய்வதாக நித்யா கேலி செய்வாள். அன்று ஐம்பது தாண்டியது. அறுபது தாண்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. எழுபது...

"என்னங்க, மெல்லப் போங்க."

"சும்மா இரு."

எழுபத்தைந்து. எண்பது.

"ஏய்!" என்று கத்தினார். "ஏய் வசந்தா! ஆடுதுட்டி! எனக்கும் ஆடுது! பாரு, பாரு, என் கையப் பாரு!"

பார்த்தேன். மணிக்கட்டில் வாட்ச் செயின் கலகலவென்று குலுங்கிக்கொண்டிருந்தது. சம்பள உயர்வு வந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கை நடுங்குகிறது என்று ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுவானா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஜெயராணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் அசரவில்லை. "ஒரு ஆளுக்கு ஒரு நோய்தான் வரணும்னு சட்டமா? சுகரும் இருக்கும், பிரஷரும் இருக்கும். அது வேற, இது வேற. போய்க் காட்டு."

திரும்பவும் செய்யது. இந்தத் தடவை அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார். எந்த வேகத்தில் வருகிறது? எந்த வேகத்தில் நிற்கிறது? பிரேக் போட்டாலா, போடாமலா? பதில்களைக் கேட்டுக்கொண்டு, "அப்ப வீல் பேலன்ஸ்தான்" என்றார். வலது முன்சக்கரத்தைக் கழற்றி, புரட்டி, உட்பக்கத்தைக் காட்டினார்.

ரிம்மின் உள்ளே, குளவிக்கூடு மாதிரி, காய்ந்துபோன சேறு. ஒரு கைப்பிடி இருக்கும். தென்னை நார்கூட அதில் ஒட்டியிருந்தது.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மதினியைக் குற்றாலம் கூட்டிப்போன அந்த ஞாயிறு, பார்க்கிங் கிடைக்காமல் ஒரு தென்னந்தோப்புக்குள் விட்டிருந்தோம். மழைச் சேற்றில் வலது முன்சக்கரம் புதைந்து, நாலு பேர் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். அந்தச் சேறு ரிம்முக்குள் அப்பிக் காய்ந்துவிட்டது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. வேகமாகச் சுற்றும்போது, ஒரு பக்கம் மட்டும் கனம் இருப்பதால் சக்கரம் துள்ளும். துள்ளல் ஸ்டீயரிங்குக்கு வரும், ஸ்டீயரிங்கிலிருந்து கைக்கு வரும், கையிலிருந்து... அது எங்கெல்லாம் போனது என்றுதான் சொல்லிவிட்டேனே.

செய்யது ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். பொலபொலவென்று கீழே உதிர்ந்தது. அவ்வளவுதான். என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு பிடி மண்!

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு கோளாறும் காரில் இருந்தன. இரண்டுமே அவர் ஓட்டும்போது வராது. ஏனென்றால் அவர் அதிக தூரம் போக மாட்டார், வேகமாகவும் போக மாட்டார். அவர் கையில் அந்தக் கார் ஆரோக்கியமான கார்தான். அவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. 'இருக்கிறதா, இல்லையா' என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவரை இரண்டு பேரில் ஒருவர் தப்பாக இருந்தே ஆக வேண்டியிருந்தது. 'எப்போது' என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு பேரும் சரியாகிவிட்டோம்.

டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஜெயராணி விடுவாளா? திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், சுருள் சுருளாக வட்டம் போடச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அந்த 'இப்போதைக்கு' கொஞ்சம் உறுத்தியது. வெளியே வந்து யோசித்தால், ஐம்பத்தேழு வயதில் யாருக்குத்தான் அதற்கு மேல் ஒரு சர்ட்டிபிகேட் கிடைக்கும்? வாங்கிக்கொண்டேன்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் காலையில் புனலூரிலிருந்து நித்யாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நான்தான் ஓட்டினேன். ஆரியங்காவு தாண்டி இறக்கம். கியரைக் குறைத்து, பிரேக்கை அளவாகத் தொட்டு, ஒவ்வொரு வளைவாக இறங்கினேன். வழியில் ஒரு தடவை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் புறங்கை காட்டிவிட்டு வந்தேன். நித்யா, "அம்மா, என்ன பண்ணுத?" என்றாள். "காய்ச்சல் பாக்கேன்" என்றேன். கடைசி வளைவில் புளியரை வயல்கள் பச்சையாக விரிந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். கை இரண்டையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவள் மேல் நம்பிக்கை இல்லாத யாராவது மலை இறக்கத்தில் தூங்குவார்களா?

பேரன் பிறந்தாயிற்று. இருவரும் சுகம்.

நேற்றுக் காலையில் வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டே, "முட்டி வலிக்குது வசந்தா" என்றார். பல வருஷமாகச் சொல்வதுதான். பல வருஷமாக நான் சொல்கிற பதில், 'வயசாச்சுல்லா, வலிக்கத்தான் செய்யும்.'

நேற்று அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பல்லாம் வலிக்குது?" என்று கேட்டேன்.

மனுஷர் மதியச் சாப்பாடு வரைக்கும் நிறுத்தவே இல்லை!